பூச்சி எண்ணும் வேலை

காலை ஐந்தரைக்கு லாரி வரும்.
பின்தட்டில் பதினேழு பெண்கள்.
மற்றவர்கள் கையில் களைக்கொட்டு,
என் மடியில் அட்டை,
அட்டையில் நூல் கட்டிய பென்சில்.

ஷிமோயோவுக்குத் தெற்கே
மக்காச்சோளம் நின்ற மண்ணில்
வகிடு எடுத்தாற்போல் காட்டாமணக்கு.
பத்துச் செடிக்கு ஒரு செடி,
ஒரு செடிக்கு ஐந்து இலை,
இலையின் முதுகு, இலையின் வயிறு.
இருப்பதை எழுது என்றார் மேலாளர் அர்லிந்தோ.

எங்களுக்குப் புதிய செடியல்ல.
கலமலூக்கோ என்போம்.
ஆடு வாய் வைக்காது, அதனால் வேலி.
'ஆடு தொடாததைப் பூச்சியா தொடும்?'
முதல்நாள் கூட்டத்தில் கேட்டார்
கடல் கடந்து வந்தவர்.
இதன் எண்ணெயில் விமானம் பறக்கும் என்றார்.
தண்ணீர் கேட்காது,
உரம் கேட்காது,
மருந்து கேட்காது.
இப்படி ஒரு மருமகளை
எந்த வீட்டில் பார்த்தாராம் என்று
என் காதருகே முணுமுணுத்தாள் ஃபெலிஸ்மினா.

வேலியே பயிரை மேய்ந்தால்
யாரிடமாவது போய் முறையிடலாம்.
இங்கே வேலியே பயிராகிவிட்டது.

முதல் மழைக்குப் பின் வந்தது
எள்ளளவு பொன்.
தட்டான் பட்டறையில் கூட்டிய தூசி
இலைமேல் சிந்தியது போல.
விரல் நிழல் பட்டாலே தெறித்துத் தாவும்.
எண்ணி முடிக்குமுன் இடம் மாறும்.
மூன்று என்று எழுதினேன்.
ஏழு.
நாற்பது.
இலை சல்லடையானது, அதன் வழியே
என் செருப்பு தெரிந்தது.

படிவத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் கட்டம்.
தொண்ணூற்றொன்பது தாண்டிய வாரம்
அர்லிந்தோவிடம் போனேன்,
இதற்குமேல் எங்கே எழுத?
அவர் நெடுநேரம் கட்டத்தையே பார்த்தார்.
'தொண்ணூற்றொன்பது என்றே எழுது.'
அதன்பின் தாளில்
பூச்சி பெருகவே இல்லை.

நன்றாக நின்ற செடியொன்று
ஒருநாள் ஃபெலிஸ்மினாவின் கைபட்டுச் சாய்ந்தது.
வேரைக் கிள்ளினாள், உள்ளே புழு,
குருணையைவிடச் சின்னது.
தாய் இலையில் துளைத்ததைத்தான்
இத்தனை நாள் எண்ணியிருக்கிறேன்.
பிள்ளைகளுக்குப் படிவமே இல்லை.

காயில் வேறு கூட்டம்:
பச்சையும் நீலமும் மினுங்கும் சட்டை,
ஊசி வாய்.
உறிஞ்சப்பட்ட காய் காயாகவே தொங்கும்,
உடைத்தால் சருகு.
ஆற்றோர வரிசைகளில்
மாவு தூவியது போலச் சாம்பல் நோய்.

மருந்து கேட்காத செடிக்கு மருந்து வந்தது.
ஃபெலிஸ்மினாவின் முதுகில் பதினாறு லிட்டர்.
கண்ணாடி கேட்டாள்,
அடுத்த மாதம் என்றார்கள்.
பூச்சி ஒன்பது நாள் விருந்துக்குப் போய்
உறவோடு திரும்பியது.
அவள் கண் சிவப்பு திரும்பிப் போகவில்லை.

அடுத்த மாதம் லாரி வரவில்லை.
சாலைமுனையில் எட்டு மணிவரை நின்றோம்.
யாரோ ஒருத்தி நடந்து போய்ப் பார்த்து வந்தாள்:
கதவில் பூட்டு,
பூட்டின்மேல் இன்னொரு பூட்டு.

இப்போது அந்த வரிசைகளைப் பிடுங்கி
சிலர் எள் விதைக்கிறார்கள்.
அடியில் புழு இருக்குமா, எள்ளைத் தின்னுமா,
என்னிடம் கேட்கிறார்கள்.
எண்ணத் தெரியும், அவ்வளவுதான் என்கிறேன்.

அட்டை இன்னும் என்னிடம்.
நேற்று என் வீட்டு வேலியில் பார்த்தேன்,
ஐந்தாவது இலையின் வயிற்றில்
ஒரே ஒரு பொன்.
என் அம்மா நட்ட வேலி அது.
இவனும் அப்போதிருந்தே இருந்திருப்பான்,
ஒரு வேலிக்குத் தக்க பசியோடு.
கூலி கொடுத்து எண்ணச் சொல்லாததால்
எங்கள் கண்ணில் படவில்லை.

ஒன்று என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது.
கம்பெனி எனக்குத் தர வேண்டியதை எழுதினேன்,
நாலாயிரத்து நூற்றெண்பது மெட்டிக்கல்.
இரண்டு இலக்கம் உள்ளே போயிற்று.
மீதி இரண்டும்
கோட்டுக்கு வெளியே நிற்கின்றன.